புள்ளிகள் மறைந்த பிறகு

சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில், வரவேற்பறையின் ஓரத்திலோ படிப்பு மேசையின் அருகிலோ ஒரு சிறிய மீன் தொட்டியைக் காண்பது அரிதன்று. அலங்கார மீன்களை உலகுக்கு ஏற்றுமதி செய்யும் முன்னணி நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. அதனால், பல வண்ண மீன்கள் அக்கம்பக்கத்துக் கடைகளிலேயே கிடைக்கின்றன. பிள்ளைகள் பலர் முதன்முதலாக வளர்க்கும் உயிரும் மீனாகவே இருக்கிறது. மீன் குரைக்காது, நாற்காலியைக் கீறாது, அதிக இடமும் கேட்காது. ஆனால், நோய் வந்தால் அதற்கு வாய்விட்டுச் சொல்லவும் தெரியாது. வளர்ப்பவர்தான் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

நன்னீர் மீன்களை வளர்ப்போர் அடிக்கடி சந்திக்கும் நோய்களுள் ஒன்று வெண்புள்ளி நோய். அதைக் கண்டுபிடிப்பது எளிது. அதற்கான மருந்தும் மீன் கடைகளில் கிடைக்கிறது. அப்படியிருந்தும், இந்த நோயால் ஒரு தொட்டியில் உள்ள மீன்கள் எல்லாம் இறந்துபோவதுண்டு. மருந்து கொடுக்காததால் இறக்கும் மீன்கள் சில. மருந்தைப் பாதியில் நிறுத்தியதால் இறக்கும் மீன்கள் சில. உயர்நிலை இரண்டில் படித்த ஒரு மாணவன் இந்த உண்மையைத் தன் வீட்டுத் தொட்டியிலேயே கற்றுக்கொண்டான்.

அவனும் அவனுடைய பாட்டியும் ஒரே அறையில் உறங்குவார்கள். அந்த அறையில்தான் தொட்டி இருந்தது. அதில் பன்னிரண்டு நியான் டெட்ரா மீன்கள் கூட்டமாக நீந்திக்கொண்டிருந்தன. மாலையில் விளக்கேற்றிச் சாமி கும்பிட்ட பிறகு, பாட்டி தொட்டியின் முன்பு நாற்காலியைப் போட்டு உட்காருவார். ஒவ்வொரு மீனாக எண்ணுவார். ஓடிக்கொண்டே இருக்கும் மீன்களை எண்ணுவது எளிதன்று. கணக்குத் தவறினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார். பன்னிரண்டு வந்தால்தான் அவருக்கு நிம்மதி.

ஒரு சனிக்கிழமை, மாணவன் தான் சேமித்து வைத்திருந்த பணத்தில் இரண்டு கறுப்பு மோலி மீன்களை வாங்கி வந்தான். மீன்கள் இருந்த பையைச் சிறிது நேரம் தொட்டி நீரில் மிதக்க விட்டான். பிறகு, அவற்றை மற்ற மீன்களோடு சேர்த்து விட்டான். அன்று மாலை பாட்டியின் கணக்கு பதினான்கு ஆனது.

ஐந்து நாள்கள் சென்றன. வியாழக்கிழமை மாலை பாட்டி அவனை அழைத்தார்.

“தம்பி, இங்கே வந்து பார். இந்தக் கறுப்பு மீனுக்கு அம்மை போட்டிருக்கிறதா?”

அவன் குனிந்து பார்த்தான். மோலியின் கறுப்பு உடலிலும் துடுப்புகளிலும் யாரோ உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. உற்றுப் பார்த்தபோது டெட்ராக்களின் வாலிலும் ஒன்றிரண்டு புள்ளிகள் இருந்தன. சில மீன்கள் அடியில் கிடந்த கூழாங்கற்களில் உடலை உரசிக்கொண்டிருந்தன. வேறு சில, துடுப்புகளைச் சுருக்கிக்கொண்டு ஒரு மூலையில் ஒதுங்கி நின்றன.

பாட்டி அம்மை என்று நினைத்ததில் வியப்பில்லை. உடலெங்கும் புள்ளிகள், ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் வேகம் ஆகிய இரண்டும் அம்மையை நினைவூட்டுகின்றன. ஆனால், சின்னம்மையை உண்டாக்குவது கிருமி. வெண்புள்ளி நோயை உண்டாக்குவதோ ஓர் ஒட்டுண்ணி. அதன் உடல் ஒரே ஓர் உயிரணுவால் ஆனது. உடலைச் சுற்றிலும் மெல்லிய மயிரிழைகள் உண்டு. அவற்றை அசைத்து அது நீரில் நீந்துகிறது. பிரெஞ்சு ஆய்வாளர் ஃபூக்கே 1876ஆம் ஆண்டில் அதற்கு ‘இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ்’ என்று பெயரிட்டார். ‘பல பிள்ளைகளை உடைய மீன் பேன்’ என்பது அதன் பொருள். மீன் வளர்ப்போர் அதைச் சுருக்கமாக ‘இக்’ என்பர். பெயரில் பேன் இருந்தாலும் அது பூச்சியன்று. ஆனால், ‘பல பிள்ளைகள்’ என்பது முற்றிலும் பொருத்தமான பெயர்தான்.

இந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கையில் மூன்று கட்டங்கள் உள்ளன. முதல் கட்டத்தில் அது மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்துகொள்கிறது. அங்கிருந்தபடியே மீனின் உயிரணுக்களை உண்டு கொழுக்கிறது. அது ஒரு மில்லிமீட்டர் அளவுவரை வளரக்கூடும். நம் கண்ணுக்கு வெள்ளைப் புள்ளியாகத் தெரிவது இதுதான். மீனின் தோல் அதன்மீது போர்வைபோல மூடியிருக்கும். செவுள்களிலும் அது புகுந்துகொள்ளும். அப்போது மீனால் சரியாக மூச்சுவிட முடியாது. உடலில் சில புள்ளிகளே உள்ள மீன்கூடத் திடீரென்று இறந்துபோவதற்கு இது காரணமாகலாம்.

இரண்டாம் கட்டத்தில், நன்கு வளர்ந்த ஒட்டுண்ணி மீனின் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. பிறகு, கூழாங்கல், செடி, கண்ணாடி என்று கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. தன்னைச் சுற்றி ஒரு கூட்டை உருவாக்கிக்கொள்கிறது. அந்தக் கூட்டுக்குள் அது இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிந்துகொண்டே போகிறது. ஒரே கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகள் உருவாகக்கூடும். சில வேளைகளில் அந்த எண்ணிக்கை ஆயிரத்தையும் எட்டும்.

மூன்றாம் கட்டத்தில் கூடு உடைகிறது. குஞ்சுகள் நீரில் நீந்தி மீனைத் தேடுகின்றன. அவற்றின் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். ஆகவே, அவற்றை வெறும் கண்ணால் காண இயலாது. ஓரிரு நாள்களுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை இறந்துவிடும். கிடைத்துவிட்டால், தோலைத் துளைத்து உள்ளே சென்று மீண்டும் முதல் கட்டத்தைத் தொடங்கிவிடும்.

இந்த மூன்று கட்டங்களையும் அறிந்தால்தான் மருந்தின் வேலை புரியும். மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்போது ஒட்டுண்ணியைத் தோல் காக்கிறது. கூட்டுக்குள் இருக்கும்போது கூடு காக்கிறது. நீரில் நீந்தும்போதுதான் அதற்குக் காவல் இல்லை. அந்தக் குறுகிய நேரத்தில்தான் நீரில் கலந்த மருந்து அதைக் கொல்லும். அதாவது, கண்ணுக்குத் தெரியும் புள்ளியை மருந்து தொடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளைத்தான் அது அழிக்கிறது.

மாணவனுக்கு அப்போது இது தெரியாது. வெள்ளிக்கிழமை அவன் மருந்து வாங்கி வந்து நீரில் கலந்தான். நீர் இளம்பச்சை நிறமாக மாறியது. திங்கட்கிழமை பார்த்தபோது ஒரு புள்ளிகூட இல்லை. “நல்ல மருந்து, பாட்டி! மூன்றே நாளில் குணமாகிவிட்டது!” என்று மகிழ்ந்தான். மருந்து மீன்களுக்குக் கெடுதல் செய்துவிடுமோ என்ற அச்சத்தில் அன்றே அதை நிறுத்தியும்விட்டான்.

உண்மையில், புள்ளிகளை மறைத்தது மருந்தன்று. ஒட்டுண்ணிகள் வளர்ந்து முடித்ததால், மீன்களை விட்டுத் தாமாகவே இறங்கின. அவன் மகிழ்ந்துகொண்டிருந்த அதே நேரத்தில், அவை கூழாங்கற்களுக்கு இடையே கூடு கட்டிப் பெருகிக்கொண்டிருந்தன. குஞ்சுகள் வெளியே வந்தபோது நீரில் போதிய மருந்து இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நோய் திரும்பியது. இம்முறை எல்லா மீன்களின்மீதும் புள்ளிகள். மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அன்று மாலை பாட்டி மூன்று முறை எண்ணினார். மூன்று முறையும் பதினொன்றுதான் வந்தது. மூன்று டெட்ராக்கள் செடிகளுக்குப் பின்னால் இறந்து கிடந்தன. பாட்டி எதுவும் சொல்லவில்லை. அவன் இறந்த மீன்களைக் கைவலையால் எடுத்தான். அன்றிரவு அவனுக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் அவன் மீன் கடைக்குச் சென்றான். “வேறு மருந்து வேண்டும், அங்கிள். இது வேலை செய்யவில்லை” என்றான். கடைக்காரர் உடனே மருந்தை எடுத்துத் தரவில்லை. முதலில் கேள்விகள் கேட்டார். தொட்டி எவ்வளவு பெரியது? நீரின் வெப்பநிலை என்ன? வடிகட்டியில் கரித்தூள் இருக்கிறதா? என்னென்ன மீன்கள் உள்ளன? எத்தனை நாள் மருந்து கொடுத்தாய்? கடைசிக் கேள்விக்கு அவன், “மூன்று நாள்” என்றபோது கடைக்காரர் தலையை அசைத்தார். பிறகு, ஒரு தாளில் மூன்று கட்டங்களையும் வட்டமாக வரைந்து காட்டினார். மருந்தை மாற்றத் தேவையில்லை என்றும், அதைப் பயன்படுத்தும் முறையைத்தான் மாற்ற வேண்டும் என்றும் விளக்கினார்.

முதலில் நீரின் அளவு. தொட்டியின் நீளம் 60 சென்டிமீட்டர், அகலம் 30 சென்டிமீட்டர், உயரம் 30 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கினால் 54,000 கன சென்டிமீட்டர் வரும். அது 54 லிட்டருக்குச் சமம். ஆனால், அடியில் 5 சென்டிமீட்டர் உயரத்திற்குக் கூழாங்கற்கள் இருந்தன. மேலே 5 சென்டிமீட்டர் வெற்றிடம் இருந்தது. ஆகவே, நீரின் உயரம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். அளவு 36 லிட்டர். 54 லிட்டருக்கு உரிய மருந்தை ஊற்றியிருந்தால், மீன்களுக்கு ஒன்றரை மடங்கு மருந்து போயிருக்கும். வகுப்பில் படித்த கன அளவுக் கணக்கு, மீன்களின் உயிரோடு தொடர்புடையது என்பதை அவன் அன்றுதான் உணர்ந்தான்.

அடுத்தது, மருந்தின் தன்மை. வெண்புள்ளி நோய்க்கான மருந்துகள் பலவற்றில் மலக்கைட் பச்சை என்ற சாயப்பொருள் உண்டு. அது கையிலும் துணியிலும் கறையை ஏற்படுத்தும். மனிதருக்கும் தீங்கு செய்யக்கூடியது. அதனால், உண்ணும் மீன்களுக்கு அதைக் கொடுப்பதைப் பல நாடுகள் தடைசெய்துள்ளன. கையுறை அணிந்து, பெரியவர் ஒருவர் துணையோடுதான் அதைக் கையாள வேண்டும். டெட்ரா போன்ற சிறு மீன்களும் செதில் இல்லாத மீன்களும் அதை எளிதில் தாங்கமாட்டா. அவற்றுக்குப் பாதி அளவே போதும் என்று சில மருந்துகளின் குறிப்புத்தாளிலேயே அச்சிட்டிருப்பார்கள். மாணவன் தன்னிடம் இருந்த மருந்துப் புட்டியின் குறிப்பை அன்றுதான் முழுமையாகப் படித்தான். அதிலும் அப்படியே எழுதியிருந்தது. செப்பு கலந்த மருந்தாக இருந்தால், நத்தைகளும் இறால்களும் இறந்துவிடும் என்பதையும் கடைக்காரர் நினைவூட்டினார்.

வீட்டுக்குத் திரும்பியதும் அவன் வடிகட்டியிலிருந்து கரித்தூள் பையை எடுத்தான். கரி நீரிலுள்ள மருந்தை உறிஞ்சிவிடும். அது உள்ளே இருந்தால் மருந்து ஊற்றியும் பயனில்லை. பிறகு, ஒரு குழாயைக் கூழாங்கற்களுக்கு இடையே செலுத்தி, அடியில் தங்கியிருந்த அழுக்கோடு நீரில் கால் பங்கை உறிஞ்சி வெளியேற்றினான். கூடு கட்டிய ஒட்டுண்ணிகளில் ஒரு பகுதி அந்த அழுக்கோடு வெளியேறும். புதிய நீரை அப்படியே ஊற்றக்கூடாது. சிங்கப்பூரின் குழாய்நீரைத் தூய்மைப்படுத்தக் குளோரமைன் சேர்க்கப்படுகிறது. நீரை இரவு முழுவதும் வாளியில் வைத்திருந்தாலும் அது எளிதில் நீங்காது. அதை நீக்கும் திரவத்தைக் கலந்த பிறகே அவன் புதிய நீரை ஊற்றினான்.

வெப்பநிலையிலும் ஒரு செய்தி இருந்தது. அவன் அறையில் இரவில் குளிரூட்டி இயங்கும். பகலில் 29 டிகிரி செல்சியஸாக இருந்த நீர், விடியும்போது 25 டிகிரிக்கு இறங்கிவிடும். இப்படி நாள்தோறும் மாறும் வெப்பநிலை மீன்களைத் தளரச் செய்யும். தளர்ந்த மீனை நோய் எளிதில் பற்றும். மேலும், நீர் குளிர்ந்தால் ஒட்டுண்ணியின் வளர்ச்சி மெதுவாகும். ஏறக்குறைய 25 டிகிரியில் அதன் வாழ்க்கைச் சுற்று ஒரு வாரத்திற்குள் முடிந்துவிடும். 10 டிகிரியில் அதற்கு ஒரு மாதத்திற்கும் மேல் ஆகும். நீர் வெதுவெதுப்பாக இருந்தால், ஒட்டுண்ணி விரைவில் வெளியே வரும். மருந்திடம் விரைவில் சிக்கும்.

எனவே, அவன் ஒரு வெப்பமூட்டியைப் பொருத்தினான். நாளுக்கு ஒரு டிகிரி வீதம் வெப்பத்தை 30 டிகிரிவரை உயர்த்தினான். ஆனால், நீரின் வெப்பம் கூடும்போது அதில் கரையும் உயிர்வாயுவின் அளவு குறையும். செவுள்கள் புண்பட்ட மீன்களுக்கு அது ஆபத்து. அதனால், இரவும் பகலும் காற்றுக்குமிழிகள் எழும்படி செய்தான். எல்லா மீன்களும் 30 டிகிரியைத் தாங்குவதில்லை. குளிர்ந்த நீரை விரும்பும் தங்கமீன்களுக்கு இந்த முறை ஏற்றதன்று.

ஒரு நாள் விட்டு ஒரு நாள், நீரில் கால் பங்கை மாற்றி, மருந்தை அளந்து ஊற்றினான். ஒரு குறிப்பேட்டில் நாள், வெப்பநிலை, மருந்தின் அளவு, புள்ளிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதினான். ஐந்தாம் நாள் புள்ளிகள் அனைத்தும் மறைந்தன. ஆறாம் நாளும் அவன் மருந்துப் புட்டியை எடுத்தபோது அவனுடைய அக்கா வியந்தாள்.

“மீன்கள் நன்றாகத்தானே இருக்கின்றன? இன்னும் எதற்குடா மருந்து?”

“இப்போதுதான் அக்கா மருந்துக்கே வேலை. போன தடவை இந்த இடத்தில்தான் நிறுத்தினேன்.”

கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் குறைந்தது ஒரு வாரம் மருந்தைத் தொடர வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாரம்தான் அவனுக்கு மிகவும் கடினமாக இருந்தது. நோய் கண்ணெதிரே இருந்தபோது மருந்து கொடுப்பதில் அவனுக்குச் சோம்பல் தோன்றவில்லை. நோயின் அடையாளமே இல்லாதபோது, பள்ளிவிட்டுக் களைப்போடு வந்து வாளி சுமப்பதற்குத்தான் மனவுறுதி தேவைப்பட்டது. குறிப்பேட்டில் ‘புள்ளி: 0’ என்று அவன் ஏழு முறை எழுதினான். எட்டாம் நாள் கரித்தூளை மீண்டும் வடிகட்டியில் வைத்தான். கரி மிச்சமிருந்த மருந்தை உறிஞ்சியது. நீர் மெல்லத் தெளிந்தது. பாட்டியின் கணக்கு பதினொன்றிலேயே நின்றது. அதன்பிறகு அது குறையவில்லை.

பிழைத்த மீன்களுக்கு ஒரு நன்மையும் உண்டு. இந்த நோயிலிருந்து மீண்ட மீன்களின் உடலில் அதை எதிர்க்கும் ஆற்றல் உருவாகிறது. ஆயினும், புதிதாக வரும் மீன்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால், வருமுன் காப்பதே சிறந்தது. புதிய மீன்களை வாங்கினால், இரண்டு முதல் நான்கு வாரங்கள்வரை வேறொரு சிறு தொட்டியில் தனியே வைத்துக் கவனிக்க வேண்டும். கடைப் பையில் உள்ள நீரைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. ஒரு தொட்டியில் பயன்படுத்திய கைவலையை ஈரத்தோடு மற்றொரு தொட்டியில் இடக்கூடாது. அதை நன்றாக உலர்த்தினால், அதில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகள் இறந்துவிடும்.

நோய் வந்த மீன்களை வேண்டாம் என்று நீர்த்தேக்கத்திலோ கால்வாயிலோ விட்டுவிடுவோரும் உண்டு. சிங்கப்பூரில் அது சட்டப்படி குற்றம். அப்படி விடப்படும் மீன் அங்கே பிழைப்பது அரிது. அதோடு, தன் நோயை அங்கு வாழும் மீன்களுக்கும் அது கொடுத்துவிடக்கூடும். ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டுவந்தவர், அதன் நோயையும் தம் பொறுப்பாகவே ஏற்க வேண்டும்.

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது பழமொழி. வெண்புள்ளி நோயைப் பொறுத்தவரை, புள்ளிகளைக் கண்டதும் பதறுவதும் தவறு. அவை மறைந்ததும் மருந்தை மறப்பதும் தவறு. மீனுக்கு மட்டுமன்று, மனிதருக்கும் இது பொருந்தும். காய்ச்சல் தணிந்தவுடன் மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிடுவோர் நம்மிடையே பலர் உள்ளனர். அடையாளம் மறைவது ஒன்று. நோய் தீர்வது வேறொன்று. இரண்டுக்கும் இடையே சில நாள்கள் உள்ளன. அந்த நாள்களில் யாரும் நம்மைப் பாராட்டமாட்டார்கள். பார்ப்பதற்கு எந்த மாற்றமும் இருக்காது. ஆனால், ஓர் உயிர் பிழைப்பதும் பிழைக்காததும் அந்த நாள்களில்தான் முடிவாகிறது.